சுற்றிப் பார்ப்பது போல

மார்ச் 5, பார்சிலோனா

பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டான். "அப்பா போயிட்டாரு மிது" என்றான். அவனுக்குப் பின்னால் யாரோ பந்தல்காரரிடம் நாற்காலி எத்தனை என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் பால் வாங்கப் போவதற்குச் சட்டை மாட்டியவர், பொத்தான் போடுவதற்குள் கட்டிலில் சாய்ந்துவிட்டாராம்.

உடனே விமானம் பார்க்கிறேன் என்றேன். சூரத்திலிருந்து அத்தை வந்ததும் நாளை மூன்று மணிக்கு எடுத்துவிடுவார்களாம், அதற்குள் என்னால் கரூர் போய்ச் சேர முடியாதாம். "நீ இங்க வந்து என்ன பண்ணப் போற? அக்காகிட்டப் போ" என்றான்.

அக்காவுக்குச் சொல்லவில்லை. மோகனா அக்காவுக்கு இது ஏழாம் மாதம். இதற்கு முன் இரண்டு முறை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. அவள் இருப்பது தெற்கு இத்தாலியில், பாரி என்ற துறைமுக நகரத்தில். கட்டிலைவிட்டு அதிகம் இறங்கக் கூடாது என்று அங்குள்ள மருத்துவர் சொல்லியிருக்கிறார். குழந்தை கைக்கு வரும்வரை அவளுக்குத் தெரியவே கூடாது என்று அம்மாவும் அண்ணனும் பெரியம்மாவும் முடிவு செய்துவிட்டார்கள்.

அக்காவின் கணவர் லோகு மாமா அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறார். பிற்பகலில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் எதிரொலித்தது, கழிவறையிலிருந்து பேசுகிறார் என்று புரிந்தது. அக்காவின் போனிலிருந்து குடும்பக் குழுவை எடுத்துவிட்டாராம், சொந்தக்காரர்களின் எண்களையெல்லாம் தடுத்து வைத்திருக்கிறாராம். அம்மாவும் நானும் மட்டும்தான் பேசலாம்.

"நான் ஒருத்தனா எத்தனை நாளைக்கு மூடி வைக்க முடியும்? நீ வந்து கூட இரு பாப்பா. ஆனா ஃபிளைட்ல வந்துராத. திடுதிப்புன்னு வந்து நின்னா அவளுக்குப் புரிஞ்சிரும். லீவுல ரயில் பாஸ் வாங்கி ஊரெல்லாம் சுத்திப் பார்த்துட்டு வர்றேன்னு அவகிட்டச் சொல்லியிருந்தல்ல? அந்த மாதிரியே வா. போட்டோ அனுப்பு. சிரிச்ச மாதிரி."

சரி என்றேன்.

துணிகள் காயவில்லை. நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சமிருந்த தயிரைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவினேன். பிறகு இன்னொரு முறை கழுவினேன்.

மார்ச் 6, ரயிலில்

பயண நூல்கள் நிறையப் படித்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் எதையோ தேடிப் போனார்கள், அல்லது எதையோ விட்டு ஓடினார்கள். சிரிக்கச் சொல்லி அனுப்பப்பட்ட ஒருவர்கூட நினைவுக்கு வரவில்லை.

ஸ்பெயின் எல்லையில் மலைக்குள் ஒரு நீண்ட சுரங்கம். அந்தப் பக்கம் பிரான்ஸ். அறிவிப்பின் மொழி மாறியது, வேறெதுவும் மாறவில்லை. கத்தரித்து விட்ட திராட்சைச் செடிகள் வரிசை வரிசையாகக் கைவிரல்களைப் போல மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன.

நார்போன் தாண்டும்போது அக்கா வீடியோவில் வந்தாள். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள், முகம் உப்பியிருந்தது. பொறாமையாக இருக்கிறது என்றாள். ஜன்னலைக் காட்டச் சொன்னாள். அப்புறம், "அந்த சீட்டைக் காட்டு. நல்லாக் கிட்டக்க. போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பு மிது. தையலைப் பார்த்தே என்ன துணி, எவ்வளவு நாள் உழைக்கும்னு சொல்லிருவாரு" என்றாள்.

அப்பா முப்பது வருடமாக பஸ் பாடி கட்டும் பட்டறையில் ஃபோர்மேன். எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் இருக்கையின் அடியில் கைவிட்டுப் பார்ப்பார்.

அனுப்புகிறேன் என்றேன். சொன்னதால் அனுப்பவும் செய்தேன். நீல நிற இருக்கை, ஓரத்தில் இரட்டைத் தையல். ஒரு டிக் விழுந்தது. சற்று நேரத்தில் இரண்டாவது டிக்கும் விழுந்தது. யாரோ அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறார்கள்.

அதன்பின் தண்டவாளத்தின் இருபுறமும் தண்ணீர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல். காயலில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அழுக்கு வெள்ளையாகத் தெரிந்தன. ஒன்று சிறகை விரித்தபோதுதான் உள்ளே சிவப்பு இருப்பது தெரிந்தது. கரூரில் அப்போது மணி மூன்றேகால். பெட்டியில் இருந்த எல்லோரும் ஜன்னல் பக்கம் வந்து படமெடுத்தார்கள். நானும் எடுத்தேன். பதினேழு படங்கள். எல்லாமே மங்கல்.

மார்ச் 7, மார்சேய்

ரயில் நிலையம் குன்றின் மேல் இருக்கிறது. வெளியே வந்தால் அகன்ற படிக்கட்டுகள் நகரத்துக்குள் இறங்குகின்றன. சுற்றுலாப் படத்துக்கு ஏற்ற இடம். செருப்புத் தைக்கும் கடைக்காரர் ஒருவர் வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றார். படமெடுத்துத் தர முடியுமா என்று கேட்டேன். எடுத்தார், பார்த்தார், தலையசைத்தார். திரும்ப எடுத்தார். மூன்றாவது முறை போனைத் தாழ்த்திக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ சொன்னார். பல்லைக் காட்டச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் இல்லை இல்லை என்று கையசைத்துவிட்டு, கடைக்குள் போய் ஒரு நாற்காலியை எடுத்து வந்து போட்டார்.

உட்கார்ந்தேன். வெயில் நன்றாக இருந்தது.

அக்காவின் பதில்: "கண்ணு ஏன் வீங்கிக் கெடக்கு?" ஜலதோஷம் என்று எழுதினேன்.

மார்ச் 8, மார்சேய்

மழை. காலை ரயிலைத் தவறவிட்டேன். மதிய ரயிலையும். ஊரில் இன்று பால் தெளிப்பு.

மார்ச் 9, வென்டிமிலியா

நீஸிலிருந்து எல்லைவரை ஓடும் சிறிய ரயில். கடலின் நீலம் விளம்பரத் தாளில் இருப்பதைவிட அதிகம்; பார்க்கக் கூச்சமாக இருந்தது. எல்லையில் காவலர்கள் ஏறி, என்னையும் பின் இருக்கையில் இருந்த இரண்டு கறுப்பு இளைஞர்களையும் மட்டும் ஆவணம் கேட்டார்கள். எங்கே போகிறாய்? அக்கா வீட்டுக்கு. எதற்கு? சுற்றிப் பார்க்க. இதுவரை நான் சொன்னவற்றில் மிக எளிதாக வந்த பொய் அதுதான். என் அட்டையைத் திருப்பித் தந்தார்கள். அந்த இருவரையும் இறக்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவன் இறங்குமுன் மடிப்புக் கலையாத தன் சட்டையை ஒருமுறை நீவி விட்டுக்கொண்டான்.

இத்தாலிய ரயிலில் கடல், சுரங்கம், கடல், சுரங்கம். வெளிச்சம் வந்து முகத்தில் அறைந்துவிட்டுப் போகிறது. டிக்கெட் பார்க்கும் பெண் என்னைக் கடந்து போனவள் திரும்பி வந்து ஒரு பொட்டலம் காகிதக் கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டுப் போனாள். ஜலதோஷம் என்று சொன்னேன். அதற்குள் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டாள்.

அக்கா இன்று கொஞ்ச நேரம்தான் பேசினாள். சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய், தூங்கினாயா. ஒரு பெரிய மனுஷி போலக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாளை மறுநாளே வந்துவிடுகிறேன் என்றதற்கு, "அவசரமே இல்ல. எங்கயாச்சும் கடலோரம் ரெண்டு நாள் உக்காந்திரு. மெதுவா வா" என்றாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. நேற்றும் கேட்கவில்லை. நல்லது. தயாராக வைத்திருந்த பொய் மிச்சமாயிற்று.

மார்ச் 10, ஜெனோவா

அம்மாவிடம் பேசினேன். முதலில் கேட்டது, "அவளுக்குத் தெரியலயே?"

இல்லை என்றேன். தானும் நன்றாகச் சமாளிப்பதாக அம்மா சொன்னாள். குரல் தேய்ந்திருந்தது, ஆனாலும் அதில் சின்னப் பெருமை இருந்தது. ஏழாம் தேதி அக்கா கூப்பிட்டபோது அம்மா அழாமல் பேசினாளாம். "அப்பா எங்கன்னு கேட்டா. பட்டறைக்குப் போயிருக்காருன்னு டக்குனு சொல்லிட்டேன். அப்புறம் எப்பவும்போல என்ன சமையல்னு கேட்டா. சொன்னேன். ஒண்ணும் சந்தேகப்படல கண்ணு."

எனக்கு அம்மாவிடம் கேட்க வேறு கேள்விகள் இருந்தன. எந்தச் சட்டை, அது இப்போது எங்கே என்பது போல. கேட்கவில்லை. சாப்பிடும்மா என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜெனோவாவில் சந்துகள் மிகக் குறுகல். மேலே துணி காய்கிறது. துறைமுகத்தில் ஒரு மீன் காட்சிசாலை இருப்பதாகச் சொன்னார்கள். அதன் வாசலை மட்டும் படமெடுத்து அனுப்பினேன். உள்ளே அழகாக இருந்தது என்றும் எழுதினேன்.

மார்ச் 11, பொலோன்யா

இன்று அக்காமேல் எரிச்சலாக வந்தது.

இங்கே தெருக்களெல்லாம் தூண்வரிசை வைத்த கூரைக்குக் கீழே ஓடுகின்றன. மழையில் நனையாமலே ஊரைச் சுற்றலாம். நடந்துகொண்டே பேசினோம். கீழ் வீட்டுக்காரியைப் பற்றி, மாமா வெந்நீர் வைக்கும்போதுகூட யூடியூப் பார்த்து வைப்பதைப் பற்றி, குழந்தை இரவெல்லாம் உதைப்பதைப் பற்றி அக்கா சொன்னாள். சிரித்தாள். ஒருவருக்குக் கவலையே இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சேர்ந்து அவளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டோம். வெளியில் குளிரில் நிற்பது நான்.

இதை எழுதிய கையோடு அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

மாலை ரயிலில் எதிரில் ஒரு பெண் மடியில் கேக் பெட்டியோடு ரிமினிக்குப் போனாள். அவளுடைய அப்பாவுக்கு எழுபது வயது நிறைகிறதாம். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்கு ஸ்பானிஷை வைத்து இத்தாலியன் பாதி. உன் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள்.

"பஸ் கட்டுகிறார்" என்றேன்.

எப்படி என்றாள். சட்டம் வைத்து, தகடு அடித்து, கடைசியில் இருக்கை பொருத்தி என்று கையால் விளக்கினேன். தொழிற்சாலையில் இல்லாமல் மனிதர்கள் கையால் பஸ் கட்டுகிறார்கள் என்பதை அவளால் நம்ப முடியவில்லை. அவளை நம்ப வைப்பது எனக்கு ஏனோ மிக அவசியமாகிவிட்டது. ரிமினி வரும்வரை பேசினேன். கரூரிலிருந்து ஓடும் பஸ்கள், அவற்றின் பக்கவாட்டில் வரையும் மயில்கள், மழை ஒழுகாமல் கூரை போடும் விதம். இறங்கும்போது, உன் அப்பாவுக்கு என் வாழ்த்து என்றாள். சொல்கிறேன் என்றேன்.

மார்ச் 12, தெர்மொலி

கிழக்குக் கரை ரயில் பாதை கடலை ஒட்டியே ஓடுகிறது. சில இடங்களில் தண்டவாளத்துக்கும் அலைக்கும் நடுவே ஒரு மண் பாதை மட்டும்தான். கோடைக்கான குடைகள் கட்டிப் போடப்பட்டிருந்தன. ஆளில்லாத கடற்கரை முழுக்க மூட்டை மூட்டையாகக் குடைகள்.

இந்த ரயில் நேராகப் பாரிக்குப் போவது. தெர்மொலியில் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினேன். அதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. நல்லவேளை, பெட்டியையும் கோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தேன்.

நிலையத்துக்கு எதிரிலேயே ஒரு விடுதி. அறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பார்த்தேன். "அக்கா! வயிறு எவ்வளவு பெருசாயிருச்சு." முதலில் குரல் சரியாக வந்து முகம் சரியாக வரவில்லை. பிறகு முகம் வந்தது, குரல் போயிற்று.

மாமாவிடம் நாளை வருகிறேன் என்றேன். சத்தியமாக நாளை.

மார்ச் 13, பாரி

மாமா நிலையத்துக்கு வந்திருந்தார். இரண்டு மாதத்தில் இளைத்துவிட்டார். வாசலில் பனைமரங்கள். அவற்றின் கீழே நின்று, காருக்குப் போவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒருமுறை ஒப்பித்துக்கொண்டோம்: அப்பாவுக்குப் பட்டறையில் வேலை அதிகம், போன் சரியாகக் கேட்பதில்லை, அடுத்த மாதம் பேசுவார். வழியில் மாமா பேசிக்கொண்டே வந்தார், பேச ஆள் கிடைத்த ஆறுதல் தெரிந்தது. கீழ் வீட்டு நுன்ஸியா அம்மாள் ஐந்தாறு நாளாகத் தினமும் சமைத்துக் கொண்டுவந்து தருகிறாளாம். "மாசமா இருக்கிற பொண்ணுன்னு அவ்வளவு பாசம். நம்ம வீட்ல அடுப்பே பத்த வைக்கறதில்ல. மோகனாவும் அதுவே போதுங்கறா."

அக்கா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பழகி வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். நன்றாகவே வந்தது. அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்து, தலைமுடியைக் காது பின்னால் ஒதுக்கி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா பால் வாங்கி வருவதாகச் சொல்லி எங்களைத் தனியே விட்டுப் போனார்.

அவர் போனதும் கதவு தட்டும் சத்தம். நான்தான் திறந்தேன். கறுப்பு ஸ்வெட்டர் போட்ட குள்ளமான பெண்மணி, துணியால் மூடிய பாத்திரத்தோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் அக்காவின் சாடை தெரிந்திருக்க வேண்டும். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என் கன்னங்களை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். அதில் எனக்குப் புரிந்தது இரண்டே சொற்கள். தங்கை. அப்பா. உலகத்தில் எங்குமே அந்த முகத்தோடு சந்தோஷச் செய்தியை யாரும் சொல்வதில்லை.

அவள் இறங்கிப் போன பிறகும், கீழே இருந்த பாத்திரத்தை எடுத்துக் கையில் வைத்தபடி அங்கேயே நின்றேன். சூடாக இருந்தது. உள்ளே பருப்பும் கீரையும் வாசமடித்தன.

"கதவைச் சாத்திட்டு வா மிது" என்று அக்கா கூப்பிட்டாள்.

அவளாகவே சொன்னாள். ஏழாம் தேதி அம்மாவிடம் என்ன சமையல் என்று கேட்டிருக்கிறாள். "பெரியம்மா வீட்டுல இருந்து சாம்பார் வந்துச்சுன்னாங்க. நேத்து என்னம்மான்னேன். மாரியக்கா வீட்டுச் சாப்பாடுன்னாங்க. நம்ம அம்மா, மிது. அடுத்த வீட்டு ரசத்தை வாயில வைக்க மாட்டாங்க. ரெண்டு நாளா நம்ம வீட்ல அடுப்பு எரியலன்னா என்ன அர்த்தம்? அப்பா பட்டறைக்குப் போயிருக்காருன்னு பெரிய பொய்யைச் சரியாச் சொல்லிட்டாங்க. சாம்பாருக்கு என்ன சொல்லணும்னு யாரும் அவங்களுக்குச் சொல்லிக் குடுக்கல."

"மாமாகிட்ட ஏன் சொல்லல?"

"அவரைப் பார்த்தல்ல. எனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டு நடிக்கிறாரு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, நாள் பூரா என் வயித்தையே பார்த்துட்டு உக்காந்திருப்பாரு."

"எங்கிட்ட?"

"நீ ரயில்ல தனியா இருந்த" என்றாள். "சொல்லியிருந்தா பிடிச்சுக்கக்கூட ஆளில்லாம எங்கயாவது பிளாட்பாரத்துல உக்காந்து அழுதிருப்ப."

நுன்ஸியா அம்மாளிடம் மட்டும் சொன்னாளாம், தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலியனில். மறுநாளே பாத்திரத்தோடு வந்து நின்றாளாம். இந்தப் பக்கத்து ஊர்களிலும் அப்படித்தானாம். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கத்தார்தான் ஆக்கிப் போடுவார்கள். மாமாவுக்கு அது தெரியாது. அதனால் அவர் கண்ணெதிரிலேயே அக்கா அப்பாவுக்காக அடுப்பை அணைத்து வைத்திருக்கிறாள். வெயிலாக இருக்கிறது என்று சொல்லித் தலைக்கும் முழுகியிருக்கிறாள். மார்ச் மாதத்தில். அதையும் அவர் நம்பியிருக்கிறார்.

"எல்லாம் பண்ணிட்டேன். அழுகை மட்டும் வரமாட்டேங்குது" என்றாள். "நானாக் கண்டுபிடிச்சதுதானே. யாரும் எனக்கு இன்னும் சொல்லல. இத்தாலியன்ல நானே சொன்னது, யார் வீட்டுச் சேதியோ மாதிரி இருந்துச்சு. நீ சொல்லு."

அவள் வயிற்றைப் பார்த்தேன். அண்ணனை நினைத்தேன், பால் வாங்கப் போன மாமாவை நினைத்தேன். ஏதாவது ஆகிவிட்டால் அது என் வாயால் ஆனதாக இருக்கும். வேண்டாம் அக்கா என்றேன். குழந்தை வரட்டும் என்றேன்.

"உள்ளயே வச்சிருந்தா மட்டும் அதுக்கு நல்லதா?" என்று கேட்டாள். என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வீட்டுக்கு வந்து சேதி சொல்ற மாதிரி, வாயைத் திறந்து சொல்லு."

அந்த அறையில் ஜன்னல் திறந்திருந்தது. கீழே சந்தில் யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

"அக்கா" என்றேன். "நம்ம அப்பா செத்துப் போயிட்டாரு."

அவள் ஊர்ப் பெண்களைப் போல அழுதாள், வாய்விட்டு, அப்பா அப்பா என்று கூப்பிட்டு. ஒரு கை வயிற்றைத் தாங்கியிருந்தது, ஒரு கை என் கழுத்தில் இருந்தது. நானும் அழுதேன். படியில் நுன்ஸியா அம்மாளின் காலடி மேலேறி வந்து, கதவுக்கு வெளியே நின்று, தட்டாமலே திரும்பிப் போனது.

எப்போது மாமா வந்தார் என்று தெரியவில்லை. கையில் பாலோடு அறை வாசலில் நின்றார். முகம் வெளிறிவிட்டது. "மருந்து... டாக்டருக்கு..." என்று போனைத் தேடினார்.

"ஒண்ணுமில்ல. நல்லாத்தான் உதைக்குது" என்றாள் அக்கா. மூக்கை முந்தானை இல்லாத நைட்டியின் கையில் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஏழாந்தேதியே தெரியும் மாமா."

அவர் பாலைத் தரையில் வைத்தார். அந்தப் பாலையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் அவரைத் தாங்கி நிறுத்தியிருந்த ஏதோ ஒன்றை நாங்கள் உருவிவிட்டதுபோல் இருந்தது.

அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மிக மென்மையாக, "எங்கப்பாவுக்கு நீங்க இன்னும் முழுகலல்ல? எனக்குத் தெரிஞ்சிரும்னு" என்றாள். "போங்க. போய்த் தலைக்கு ஊத்திட்டு வாங்க."

அவர் சட்டையோடு குளியலறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அக்காவும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, உள்ளே அவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தோம்.